காகிதத்துக்குக் கேன் தண்ணீர்

இங்கே ஜெர்மனியில் குளியலறைக் குழாயில் வருகிற தண்ணீரையே குடிக்கிறார்கள். வந்து ஒன்பது வருஷமாகியும் எனக்கு அது ஒத்துவரவில்லை. பல் தேய்க்கிற இடத்துத் தண்ணீரை எப்படி ஐயா விழுங்குவது? என் புருஷன் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "இதைவிடச் சுத்தமான தண்ணி எங்க இருக்கு ரோஸி?" என்பார். நான் மட்டும் அடுப்படிக் குழாயில் பிடித்து, எவர்சில்வர் குடத்தில் ஊற்றி, மூடி வைத்துத்தான் குடிக்கிறேன். எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துப் பழக்கம், லேசில் போகுமா?

பக்கத்து வீட்டு ஹெல்கா அம்மாள் ஒரு பிறந்தநாளுக்கு எனக்கு வாழ்த்து அட்டை கொடுத்தார். சொரசொரப்பான காகிதம், நடுவே புள்ளி புள்ளியாக ஏதோ விதை. அழகாக இருந்ததால் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். நாலு மாதம் கழித்து, "அட்டை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "ரொம்பப் பத்திரமாக இருக்கிறது" என்றேன். "பூ விட்டதா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதை மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம், செடி முளைக்குமாம். பிடிக்காமல் மூலையில் போட்டுவிட்டேன் என்று நினைத்து அவர் முகம் சுருங்கிப் போனது. எங்கள் ஊரில் பிடித்ததைத்தான் எடுத்து ஒளித்து வைப்போம் என்பதை நான் எந்த ஜெர்மன் வார்த்தையில் சொல்வது? அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொட்டியில் அதைப் புதைத்தோம். ஒரே வாரத்தில் முளைத்தது. என் தொழிலும் அங்கேதான் முளைத்தது.

ஆரம்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டோம். நடத்துவது எஸ்தர் அண்ணி, கூட நாலு பெண்கள். கும்மிடிப்பூண்டி ஆபீஸ்களில் கழிக்கிற பழைய பேப்பரை வாங்கி, ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கி, முளைக்கீரை விதை கலந்து, சல்லடையில் வார்த்துக் காயவைக்க வேண்டியது. கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை, பென்சில் சுற்றுகிற தாள் என்று சென்னைக் கடைகளுக்குப் போகிறது. நான் போட்டது ஒரே ஒரு சட்டம்தான். வார்க்கிற ஒவ்வொரு முறையும் ஒரு தாளை மண்தட்டில் புதைத்துப் பார்க்க வேண்டும். அது முளைத்தால்தான் மிச்சமெல்லாம் வெளியே போகும்.

போன வருஷக் கடைசியில் அண்ணி முழுகாமல் இருக்கும் செய்தி வந்தது. ஆறு வருஷம் ஏறாத கோயிலில்லை, பார்க்காத டாக்டரில்லை, பண்ணாத ஜெபமில்லை. நான் போனிலேயே அழுதுவிட்டேன். போர் தண்ணீரில் ஒரு கசப்பு ஏறியிருப்பதாக அண்ணன் முன்பே சொல்லியிருந்தான். அதனால், "அண்ணி, இனிமே கேன் தண்ணிதான் குடிக்கணும்" என்று தினம் இரண்டு கேன் வீட்டுக்கு வர ஏற்பாடு செய்தேன்.

அதற்கு அடுத்த மாதம் தட்டுகள் முளைக்காமல் போயின. ஒன்று இல்லை, வரிசையாக ஏழு. பொன்னேரியில் வாங்கிய விதை சொத்தை என்று ஊத்துக்கோட்டையில் வேறு வாங்கச் சொன்னேன். அதுவும் முளைக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கவனமே இல்ல அண்ணி உனக்கு. கடைக்காரங்க முன்னாடி என் மானம் போவுது" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். பத்தே நாளில் பச்சைப்பசேலென்று ஒரு தட்டின் படம் அனுப்பினார். பார்த்தாயா, நாலு வார்த்தை கேட்டால்தான் வேலை நடக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். நாக்கில் சூடுதான் போட வேண்டும் எனக்கு.

இந்த முறை லீவில் போனபோது அண்ணிக்கு ஐந்தாம் மாதம் முடிந்திருந்தது. முகம் வெளிறி, கால் வீங்கி இருந்தார். வாசலிலேயே எனக்குக் கேன் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஷெட்டைக் காட்டக் கூட்டிப்போனார். ஊரை ஒட்டிய கெமிக்கல் கம்பெனிகள் பக்கமிருந்து காற்று திரும்பியதும் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். கூழ்த்தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கேன்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அண்ணி ட்ரம்மில் சொம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து குடித்தார். ட்ரம்மின் உள்பக்கம் மஞ்சளாகப் படை கட்டியிருந்தது.

"அண்ணி, அது போர் தண்ணி."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"கேன் தண்ணி எங்க?"

"அது காயிதத்துக்குமா. போர் தண்ணில வெத மொளைக்கவே மாட்டேங்குது. ஒரு நாளு கேன் தண்ணிய ஊத்திப் பாத்தேன், பட்டுனு மொளைச்சிகினு வந்துச்சு. அப்பலேர்ந்து கடைசியா வெத கலக்குற கூழுக்கும் தட்டுக்கும் அதான். உன்கிட்ட சொன்னா பேஜாரு பண்ணுவியேன்னு சொல்லல."

"அப்ப நீ ரெண்டு மாசமா இதையா குடிச்சிகினு இருக்க?"

அண்ணி சிரித்தார். "நாங்க எப்பவும் குடிக்கிறதுதானே. கீரை வெத, அதுக்குத் தாங்கல. மனுசங்களுக்கு இன்னா ஆயிடப் போவுது?"

விதை செத்துப்போகிற தண்ணீர். அவர் கை வயிற்றின்மேல் இருந்தது.

அன்றைக்கே சொம்பைப் பிடுங்கிப் போட்டேன். நாலு கேன் கூடுதலாக வரவழைத்து, பெண்களுக்கும் அதையே கொடுக்கச் சொன்னேன். ஒரு பாட்டில் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கம்பெனிக் கழிவால்தான் தண்ணீர் கெட்டது என்று புகார் கொடுக்கலாம் என்றதற்கு, அண்ணன் தன் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "எந்தக் கம்பெனின்னு யாருக்குத் தெரியும்? ஏதுனா பேசினா மொதல்ல என் வேலைக்குத்தான் ஆப்பு" என்றான். பரிசோதனை முடிவு வருவதற்குள் என் லீவு முடிந்துவிட்டது; இன்னும் அது வந்தபாடில்லை.

கைப்பையில் அண்ணி வார்த்த ஒரு தாள் இருந்தது. இங்கே வந்து அதைச் சன்னல் தொட்டியில் புதைத்தேன். ஐந்தாம் நாளே முளை கிளம்பிவிட்டது. நேற்று ஹெல்கா அம்மாள் பார்த்துவிட்டுக் கை தட்டினார். "உங்கள் ஊரே இங்கு வந்துவிட்டது ரோஸி!" நான் நன்றி சொன்னேன். அது யாருடைய தண்ணீரைக் குடித்து வந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பொன்னேரியில் அண்ணிக்கு ஸ்கேன். போன மாதமே எடுத்திருக்க வேண்டியது, ஆர்டர் இருந்ததால் தள்ளிப்போட்டாராம். தினமும் கூப்பிட்டு, "கொழந்த அசையுதா?" என்று கேட்கிறேன். "அசையுதும்மா" என்கிறார். ஆனால் இரண்டு நாளாக, பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கிறார்.

இன்று காலை அடுப்படிக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. வாய்வரைக்கும் கொண்டுபோனேன், உள்ளே இறங்கவில்லை. சன்னலுக்குப் போய் அதைக் கீரைக்கு ஊற்றினேன்.