ஃபினா சொன்ன ‘நாம்’

2004இல் சீதாலட்சுமி குவைத்தின் மங்காஃபில் இருந்தாள். கணவர் ரகுநாதன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு டியூட்டி போனதும் பகல் முழுக்கத் தனிமைதான். மொழியியலில் எம்.ஏ. முடித்தவள், ஆய்வைத் தொடங்கும்முன் கல்யாணமாகி வந்துவிட்டாள்.

எதிர் ஃபிளாட்டில் கீழக்கரை மெஹர்பானுவின் குடும்பம். அங்கே வேலை செய்த ஃபினா, இந்தோனேசியாவின் கிழக்கோரத் தீவுக்காரி. மூன்று வருஷத்தில் சமையலறைத் தமிழ் பழகியிருந்தாள். ஒருநாள் மொட்டைமாடியில் துணி உலர்த்தியபடி அவள் முணுமுணுத்தது இந்தோனேசிய மொழியாகத் தோன்றவில்லை.

“எங்க ஊர்ப் பேச்சு. கொஞ்சம் பேர்தான். பிள்ளைங்க பேசாது” என்றாள்.

சீதா தேடிப் பிடித்து, ஆஸ்திரேலியாவிலிருந்த ஓர் ஆய்வாளருக்கு மின்னஞ்சல் எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. அது நியூகினி வட்டாரத்துப் பாப்புவா மொழிகளில் ஒன்று. யாரும் பதிவு செய்ததில்லை. முதலில் ஒலிகளும் நான், நீ, நாம் போன்ற சொற்களும் கிடைத்தாலே பெரிது. ஃபினாவின் விசா முடிய ஐந்து வாரம்தான் இருந்தது.

மெஹர்பானுவுக்குத் தெரியாமல் மாடியில் தினமும் பத்து நிமிஷம். டேப் ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்துப்போவாள் சீதா. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் அது துணிக்கூடைக்குள் போய்விடும். போன மாதம்தான் கீழ்த்தளத்து வேலைக்காரப் பெண் ஓடிப்போய், போலீஸ் வந்து விசாரித்திருந்தது.

சீதா தன்னைத் தொட்டு “நான்” என்றால், ஃபினா அவளைப் பார்த்து ‘நீ’ என்பதற்கான சொல்லைச் சொன்னாள். அந்தக் குழப்பம் தீரவே மூன்று நாள் ஆயிற்று. அதன்பின் “நாம” என்றதும் ‘பி’ என்றாள். “நாங்க” என்றதும் ‘நி’. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் இரண்டும் ‘வீ’ என்று ஒன்றாகிப்போயிருக்கும். சீதா எழுதிக்கொண்டிருந்தபோது மெஹர்பானு எதிரே வந்து நின்றாள்.

“என்ன சீதா, எங்க வீட்டுப் பொண்ண என்னத்தப் பேசச்சொல்லி டேப் எடுக்குறீங்க?”

“அவ மொழியத்தான் அக்கா.”

“இவ ஓடிட்டா யாரு பதில் சொல்றது? விசா எங்க வீட்டுக்காரவுக பேர்ல.”

ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு ஃபினாவைக் கீழே கூட்டிப்போனாள். இரண்டு நாள் எதிர்க்கதவு திறக்கவில்லை. சீதா மாடிக்குப் போய்ப் போய்த் திரும்பினாள். என் ஆசைக்கு ஒருத்தி பிழைப்பைக் கெடுத்துவிட்டேனா? கதவில் காது வைத்துப் பார்த்தாள். குக்கர் விசில் மட்டுமே கேட்டது.

மூன்றாம் நாள் மெஹர்பானுவே வந்து பெல் அடித்தாள்.

“டேப்ப முழுசும் கேட்டேன். நான், நீ, நாமன்னே போகுது. என்னைய ஏசியிருப்பாளோன்னு நெனச்சேன்.” ரெக்கார்டரைத் திருப்பி நீட்டினாள். “உங்களப் போலீஸ் புடிக்கும்னு அவ ஒரே அழுகை. எங்க அடுப்படியில வந்து கேளுங்க. நானும் இருப்பேன்.”

இருந்தாள். முதலில் காவலுக்கு, பிறகு வெங்காயம் நறுக்கியபடி, “அவுகன்னா எப்படிச் சொல்லுவே?” என்று அவளே கேட்கத் தொடங்கினாள்.

விசா முடிந்து ஃபினா ஊர் போனாள். சீதா அனுப்பிய கேசட்டுகளைக் கேட்டுவிட்டு ஆய்வாளர் எழுதினார்: ‘பி’யில் வரும் ‘ப’ ஒலி இரண்டு விதமாகக் கேட்கிறது, இன்னொரு முறை சொல்லச்சொல்ல முடியுமா? அவள் ஊரில் போன் இல்லை. சீதா போட்ட கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து மெஹர்பானு கதவைத் தட்டினாள். “ஃபினா டவுனுக்கு வந்து போன் பண்ணுனா. உங்களக் கூப்பிடுறதுக்குள்ள கட்டாயிருச்சு.”

“அந்த ‘ப’வக் கேட்டீங்களா அக்கா?”

“நல்லாயிருக்கியான்னுதான் கேட்டேன். கோழி வளக்குறாளாம்.”

அன்று மாலை சீதா அந்த ஒலிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுச் சொற்பட்டியலை ஆய்வாளருக்கு அனுப்பிவைத்தாள்.