அக்கோய் என்றதும் இறங்கும் மைக்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என் குரல் பிடிக்கும், அம்மாவின் குரல் பிடிக்காது. பல மாதங்களாக இதுதான் நிலைமை. நான் கூடலூர் பக்கம் தேவாலாவில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கனடாவில் இருக்கும் குழந்தைக்குக்கூட என் ‘ழ’ பளிச்சென்று கேட்கிறது. அதே நாற்காலியில், அதே மைக்கின் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா உட்கார்ந்தால் மட்டும் கொஞ்ச நேரத்தில் குரல் கிணற்றுக்குள் போய்விடும்.

அம்மா பேசுவது சிலோனில் இருக்கும் பெரியம்மாவோடு. இருவரும் ஹட்டன் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது அம்மாவுக்குத் தாவணி வயசு. தாய் தகப்பனோடு கப்பலேறி இந்த மலைக்கு வந்து சேர்ந்தாள். பெரியம்மாவுக்கு அப்போதே கல்யாணம் ஆகியிருந்ததால் புருஷனோடு அங்கேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

போனில் வீடியோ போட்டுக் கொடுத்தால், அம்மா பழக்கதோஷத்தில் அதைக் காதில் வைத்துக்கொள்வாள். அங்கே பெரியம்மாவுக்குத் தெரிவதெல்லாம் தங்கையின் காதும் கம்மலும்தான். அதனால்தான் கம்ப்யூட்டர். அந்தப் பக்கமும் பெரியம்மாவின் மகள், பள்ளிக்கூட டீச்சர், தன் லேப்டாப்பைத் திறந்து தாயை எதிரே உட்கார வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

போன வருஷம் அம்மா பாஸ்போர்ட் எடுத்தாள். யார் சொல்லியும் எடுக்கவில்லை. அவளாகவே கிளம்பிப் போய் வரிசையில் நின்று எடுத்தாள். எடுத்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாக, “நான் ஒருக்கா வரட்டா அக்கா?” என்று கேட்டாள். பெரியம்மா “ம்ம்… ம்ம்” என்று தலையாட்டிவிட்டு, “இங்க ஒரே மழ புள்ள” என்றாள். அடுத்த மாதமும் அம்மா கேட்டாள். பெரியம்மா சிரித்துக்கொண்டே வேறு எதையோ சொன்னாள்.

அன்றைக்கே பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

“கேக்கலையோ என்னவோம்மா” என்றேன்.

“அதெல்லாம் கேட்டிருக்கும். இஷ்டமில்ல. விடு.”

அம்மா இப்படிச் சொன்னதன் வலி புரிய வேண்டுமென்றால் ‘குரல் குடுக்குறது’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். தேயிலைக் காட்டில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அடுத்த வரிசையில் கொழுந்து பறிப்பவள்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அப்போது ஒருத்தி நீட்டிக் கூப்பிடுவாள். அது யார் காதில் விழுந்தாலும் பதிலுக்கு “ஓய்” என்று குரல் கொடுத்தாக வேண்டும். குரல் வராவிட்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேடிப் போவார்கள். சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருப்பவர்கள்கூடப் பனிக்குள் குரல் கொடுக்காமல் இருக்கமாட்டார்கள். அம்மாவின் சட்டத்தில் கேட்டும் குரல் கொடுக்காதவள் உறவை அறுத்துக்கொண்டவள்.

எனக்கு மைக்கின் மேல்தான் சந்தேகம். கூடலூருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு புது மைக் வாங்கி வந்தேன். அதுவும் அதே கதை. பழையதையே மறுபடி மாட்டி, செட்டிங்ஸில் போய் அளவை நூறுக்கு ஏற்றினேன். மைக் பூஸ்ட் என்று ஒன்று இருந்தது, அதையும் ஏற்றினேன். பேசிப் பதிவு செய்து போட்டுக் கேட்டால் நான் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. சரியாகிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அம்மாவை உட்கார வைத்தேன். பேச ஆரம்பித்துச் சற்று நேரத்தில் பெரியம்மா மகள் திரைக்குள் தலையை நீட்டி, “சித்தி கொரல் சின்னதாப் போயிருச்சு” என்றாள். அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி மழையில் வைத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

அடுத்த ஞாயிறு, பேசும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மைக் அளவு காட்டும் ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அளவுக் கோட்டின் புள்ளி நூறில் நின்றது. பெரியம்மாவின் முகம் வந்தது. அம்மா நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள்.

“அக்கோ…ய்!”

இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு எறிகிற குரல் அது. எப்போதும் அப்படித்தான் தொடங்குவாள். இடையில் பெரியம்மா சேலையைச் சரிசெய்யத் திரும்பினாலும் இன்னொரு முறை எறிவாள். பிறந்ததிலிருந்து கேட்பதால் நான் அதைக் கவனிப்பதே இல்லை. அன்றைக்குக் கவனித்தேன். அந்தக் குரல் போனதும், நூறில் இருந்த புள்ளி தானாக நகர்ந்தது. யாருமே தொடவில்லை. எண்பது, அறுபது, நாற்பது என்று வழுக்கிக்கொண்டே இறங்கி ஓரத்தில் போய் நின்றது.

நான் அப்படியே மலைத்துப்போனேன். ஏதோ பழுது என்று நினைத்திருந்தேன்; பழுதே இல்லை. அங்கே கேட்கிறவர் காது கூசக்கூடாதென்று அந்தச் செயலி தானாகவே மைக்கை அடக்குகிறது. கூப்பிட்டு முடித்ததும் அம்மா மனசில் உள்ளதைப் பேசத் தொடங்குவாள். மனசில் உள்ளதைப் பேசும்போது அவள் குரல் தணிந்துவிடும். அடக்கிய மைக் மெல்ல ஏறி வருவதற்குள் இன்னொரு “அக்கோய்” விழும், மறுபடி இறங்கிவிடும். கூப்பிட்டது மட்டும் கடலைத் தாண்டியிருக்கிறது. ‘வரட்டா’ என்று கேட்டது இந்த மேசையைத் தாண்டவில்லை. பெரியம்மாவுக்குக் காது வேறு மந்தம். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டியிருக்கிறாள்.

அழைப்பு முடிந்ததும் செயலியின் செட்டிங்ஸுக்குள் தேடினேன். ‘மைக் அளவைத் தானாகச் சரிசெய்’ என்று ஒரு வரி, அதன் முன்னால் ஒரு டிக். அந்த டிக்கை எடுப்பதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டேன். என் கைபேசியிலிருந்தே கம்ப்யூட்டருக்கு ஓர் அழைப்பு போட்டு, “இப்பக் கூப்பிடும்மா, இந்தப் புள்ளியப் பாத்துக்கிட்டே” என்றேன்.

கூப்பிட்டாள். புள்ளி இறங்கியது.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். மறுபடி ஏற்றி வைத்தேன், மறுபடி கூப்பிட்டாள்.

“என்னா புள்ள, பயந்து ஓடுது?”

“உன் குரலுக்கு யாரு பயப்படல? அப்பா பயப்படலயா?”

அம்மா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அக்காவுக்கு…” என்றவள் முடிக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் நச்சரித்தேன். இன்னொரு தடவை கேள் என்றேன். “ரெண்டு வாட்டி கேட்டாச்சு. மூணாவது வாட்டியும் கேட்டு, அப்பவும் பதில் வரலன்னா நான் என்னா செய்வேன்?” என்றாள். அதுவரை பழியைப் போட மைக்காவது இருந்தது. அதையும் நான் சரிசெய்யப் போகிறேன்.

ஞாயிறு வந்தது. டிக்கை எடுத்தேன். பூஸ்ட்டைக் கொஞ்சம் குறைத்தேன். அம்மாவின் நாற்காலியை ஒரு கை தூரம் பின்னால் இழுத்துப் போட்டேன். வெளியே ஆடி மழை தகரக் கூரையை உடைத்துக்கொண்டிருந்தது.

“அக்கோ…ய்!”

புள்ளி அசையவில்லை.

“ஓய்” என்ற பெரியம்மா, முகத்தைச் சுளித்துத் தலையைச் சாய்த்தாள். “என்னாடி அது, சடசடன்னு? தகரத்துல மழையா?”

அம்மா கூரையை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். இத்தனை மாதமாக எங்கள் தலைக்கு மேல் கொட்டிய மழை முதல்முறையாகப் பெரியம்மாவின் காதுக்குப் போயிருக்கிறது. தினமும் அந்த மைக்கை வைத்துத்தான் பிழைக்கிறேன். அது செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த நிமிஷம் வரை தோன்றியதே இல்லை.

“ஆமாக்கா, மழதான்” என்றாள் அம்மா. பிறகு சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டாள். “நான் ஒருக்கா வரட்டா அக்கா?”

பெரியம்மா தலையாட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. திரை உறைந்துவிட்டதோ என்று பயந்து நான் அவள் கண்ணைப் பார்த்தேன். இமைத்தது.

“ஏன்டி, இத்தன நாளா இத ஏன் கேக்கல?” என்றாள். “ஒவ்வொரு வாட்டியும் இன்னைக்கிச் சொல்லுவா, இன்னைக்கிச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லவே இல்ல. சரி, அவ இந்தியாக்காரி ஆயிட்டா, இனி இந்த லயத்துக்கு எங்க வரப்போறான்னு இருந்துட்டேன்.”

அம்மா நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“தங்கச்சியோ…ய்! குரல் குடுடி” என்றாள் பெரியம்மா. ஸ்பீக்கர் கரகரத்தது.

அம்மா வாயைத் திறந்தாள். அளவு காட்டும் பச்சைக் கோட்டில் மழை மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. மைக்கில் ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்குத்தான் குரல் வரவில்லை. நான் குனிந்து, அவள் தோள் வழியாக, “ஓய்” என்று குரல் கொடுத்தேன்.