நல்வரவு போட மாட்டேன்

அருப்புக்கோட்டை நூல் மில் ஒன்றில் நான் நெட்வொர்க் பார்க்கிறேன். திருச்சுழியிலிருந்து தினமும் பஸ். அங்கே ஒரு ஸ்விட்ச் என் பொறுப்பு. ஸ்விட்ச் என்றதும் லைட் போடுவது என்று நினைத்துவிட வேண்டாம். மில்லின் கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைக்கிற பெட்டி அது.

அந்தப் பெட்டிக்கு முதலாளியின் மருமகன் வடிவில் சனியன் வந்தது. மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "ஸ்பீடு ஏத்துறேன்" என்று அதற்குள் நுழைந்து எதையாவது மாற்றிவிட்டுப் போவார். கடைசியாக வந்து போன அன்று பில்லிங் மொத்தமும் படுத்துவிட்டது. லோடு ஏற்றிய லாரிகள் பில் இல்லாமல் கேட்டிலேயே நின்றன. ஏச்சு எனக்கு விழுந்தது.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிருவேன்மா" என்றார் முதலாளி.

"அவுகளுக்குப் பாஸ்வேர்டு குடுத்தது யாருங்கய்யா?"

"வீட்டு மாப்பிள்ளை கேட்டா இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் வாய் திறக்க மாட்டாராம், அதற்கு என் வேலை போக வேண்டுமாம்! "நீங்க சொல்ல வேணாம். பெட்டியே சொல்லும்" என்றேன்.

அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். பாஸ்வேர்டு கேட்கும் முன்பே திரையில் வரும்படி ஒரு வாசகம் எழுதினேன்: அனுமதி பெற்ற ஊழியர் தவிர எவரும் நுழையக் கூடாது. உள்ளே போனதும் வர இன்னொன்று: இங்கே செய்வதெல்லாம் பதிவாகிறது. முதலாளி எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, வாசல்ல நின்னு வெரட்டுற மாதிரி! நல்வரவுன்னு போடேன். நம்ம கடை, மில்லு எல்லாத்துலயும் அதத்தான போட்டிருக்கோம்?"

"நல்வரவுன்னு போட்டா வரத்தான் செய்வாக" என்றேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஆடி விருந்துக்கு வந்த மருமகன் நேராக என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே முதலாளியும் வந்தார். திரையைப் படித்ததும் காது சிவந்தது.

"எவ எழுதுனது இத?"

"நான்தான்."

"மாமா, இப்பவே எடுக்கச் சொல்லுங்க!"

முதலாளி கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"எடுத்துர்றேங்கய்யா. எடுத்துட்டு பஸ் ஏறிருவேன். அப்புறம் லாரி நின்னுச்சுன்னா இவுகளயே கேட்டுக்கிருங்க."

என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைக்கிறோம். இருந்தாலும் பையை இறக்கவில்லை.

முதலாளி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மருமகனின் தோளில் கை வைத்தார்.

"மாப்ளே, வீட்டுல எல போட்டாச்சு. எந்திரிங்க, சாப்புடப் போவோம்."

மருமகன் எழுந்து போனார். நான் பையை ஆணியில் மாட்டிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.