காண்ட்ராக்டர் அனுப்பிய கறிக்குழம்பு

எங்கள் குடும்பத்தில் சட்டம் தெரிந்தவர் அம்மாவின் அண்ணன் ஒருவர்தான். படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. புதுச்சேரி கோர்ட்டில் நீதிபதி அறைக் கதவைத் திறந்து மூடுகிற வேலை மாமாவுக்கு. இருபது வருஷம் கதவோரம் நின்றால் காதில் விழுவதெல்லாம் சட்டம்தானே என்பார். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொடிதான் போனது, சட்டம் போகவில்லை. அதனால் மாமாவின் மவுசும் போகவில்லை.

அப்பா கொத்தனார். உப்பளத்தில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா சாரத்தின் மேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தபோது மூங்கிலைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. கீழே ஜல்லிக் குவியலில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்துபோயிற்று. கயிறு இற்றுப்போய்விட்டது, மாற்றிவிடு என்று முந்தின வாரமே அவர் காண்ட்ராக்டரிடம் சொல்லியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, இனிமேல் சாரம் ஏறக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சாரம் ஏறாத கொத்தனாருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மாமா தினமும் வர ஆரம்பித்தார். வந்தால் உட்கார மாட்டார். கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே பேசுவார்.

"மாப்ள, வேலையில அடிபட்டா தப்பு யாருதுன்னே கேக்க மாட்டாங்க. வேலை குடுத்தவன்தான் பொறுப்பு. டாக்டர் சீட்டு நம்ம கையில இருக்குது. மேரியில போயி பதிஞ்சுட்டம்னா அப்புறம் கோர்ட்டுல அவன் வாயத் தொறக்க முடியாது. நீ இருக்கற வரைக்கும் ஒனக்குச் சோறு போட்டாவணும்."

மேரி என்றால் நகராட்சி அலுவலகம். எங்கள் ஊரில் இன்றைக்கும் கிழவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மாமா பேசி முடித்ததும் அப்பா, "பாக்கலாம் மச்சான்" என்பார். அந்தப் 'பாக்கலாமி'லேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. கெடு தாண்டினால் சட்டம் கைவிரித்துவிடும் என்று மாமா குதித்தார். கடைசியில் அவரே ஒரு திங்கட்கிழமையைக் குறித்து, வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து, அப்பா சாரத்திலிருந்துதான் விழுந்தார் என்று சாட்சி சொல்ல இரண்டு ஆட்களையும் சம்மதிக்க வைத்தார். அப்பாவை ஏற்றிப் போக ரிக்‌ஷாவுக்கும் சொல்லியாயிற்று.

காண்ட்ராக்டர் அன்னியர் இல்லை. ஒரு காலத்தில் அப்பாவோடு சேர்ந்து சாந்துச் சட்டி தூக்கியவர். கெட்டிக்காரர், மேலே போய்விட்டார். ஊரில் எதுதான் ரகசியம்? திங்கட்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் அவருடைய ஆள் ஒருவன் நாலு அடுக்குத் தூக்கைக் கொண்டுவந்து எங்கள் வாசற்படியில் வைத்தான்.

"ஊட்ல விசேஷம். ஐயா குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றவன், அம்மா வெளியே வருவதற்குள் சைக்கிள் ஏறிவிட்டான்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் வீட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் அப்புறம் அவர்மேல் வழக்குக்குப் போகக் கூடாது. பகையாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டு வருவார்கள், பந்தியில் மட்டும் உட்கார மாட்டார்கள். சோற்றைக் கொட்டினால் பாவம். திருப்பி அனுப்பலாம் என்றால் மாமா குமாஸ்தாவைப் பார்க்கப் போயிருந்தார். தூக்கைக் கொண்டுபோய் அம்மிமேல் வைத்தாள்.

"மாமா வர்ற வரைக்கும் யாரும் அதத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்" என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுத் தெருக்குழாய்க்குப் போனாள்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு மாதமாக வீட்டில் கஞ்சிதான். மூடி இடுக்கு வழியாகக் கறிக்குழம்பு வாசனை வந்துகொண்டே இருந்தது. தெருவுக்கு ஓடினேன், திரும்பி வந்தேன். கல்லை எடுத்துத் தட்டாங்கல் ஆடினேன், ஒரு கல்லும் கையில் நிற்கவில்லை. அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஒரே ஒரு துண்டு, யாருக்குத் தெரியப் போகிறது என்று மூடியைத் திறந்தேன். அந்த ஒரு துண்டோடு நிறுத்தியவர்கள் உலகத்தில் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

மூன்றாவது துண்டைக் கடித்துக்கொண்டிருக்கும்போது கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மெதுவாத் தின்னு. தண்ணி எடுத்து வச்சுக்கோ, விக்கப் போவுது."

பயந்து திரும்பினேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு அடுக்கையே காலி செய்தேன்.

குடத்தோடு வந்த அம்மா பார்த்தாள். அன்று வாங்கிய அடியைப் போல் நான் பிறகு வாங்கியதில்லை. அடித்துவிட்டு அவளும் அழுதாள். சாயங்காலம் காகிதக் கட்டோடு மாமா வந்தபோது அப்பாவே பேச்சைத் தொடங்கினார்.

"மச்சான், பொண்ணு கை நனைச்சுட்டா. அவன் சோத்தத் தின்னுட்டு அவன் எதுக்க கோர்ட்டுல நிக்கறது நல்லா இருக்காது."

"கொழந்த தின்னதுக்கும் கோர்ட்டுக்கும் இன்னா மாப்ள? எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?"

"எல்லாத்தையும் எழுதியா வச்சிருக்காங்க?"

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரொம்ப நாள் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

காண்ட்ராக்டர் அப்பாவுக்கு அதே கிடங்கில் காவல் வேலை கொடுத்தார். கிடங்கு கட்டி முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது. கெடுவும் தாண்டியிருந்தது. அம்மா சித்தாளாகப் போனாள். அவள் தலையில் சாந்துச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குடும்பத்தைத் தின்று தீர்த்தது நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். கறி தின்பதையே விட்டுவிட்டேன்.

என் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அன்று அப்பா தூங்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கையை எடுத்திருப்பேன். கறுப்பு அங்கிக்காரர்கள் முன்னால், ஒரு சொல்லும் புரியாத பாஷையில், கூட வேலை செய்தவனுக்கு எதிராக நிற்க வேண்டுமே என்று அந்த ஒரு மாதமும் அவர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்பது வயதில் அது எனக்கு எப்படித் தோன்றும்? பனை உயரத்தில் ஒற்றை மூங்கில் மேல் வெறுங்காலோடு நடக்கிறவர் என் அப்பா. அவருக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.