கலங்கல் மேல் அடுக்கிய மூட்டைகள்

பருவமழைக்கு முன்பு நாங்கள் செய்யும் வேலை பார்க்க அழகாக இருக்காது. மதகுத் திருகுக்கு கிரீஸ் போடுவோம். வாய்க்காலில் ஆகாயத்தாமரையை அள்ளுவோம். உடைப்பு வந்தால் அடைக்கக் கரையோரம் மணல் மூட்டை அடுக்கி வைப்போம். கோவைப் பக்கம் ஒரு குளத்துக்குப் பொறுப்பான பொறியாளராக வருடா வருடம் இதைத்தான் செய்கிறேன்.

அந்த வருடம் வங்கக் கடலில் புயல் என்று எச்சரிக்கை வந்தது. குளம் ஏற்கெனவே நிறைந்திருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் மூட்டைகளைக் காணோம். எல்லாம் கலங்கல் மேல் இருந்தன. மிஞ்சும் தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போகிற இடம் அது. பாசனக்காரர்கள் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, இடுக்கில் களிமண் பூசி, முழங்கால் உயரத்துக்குக் கூடுதலாகத் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு மேல் மழை சேர்ந்தால் மண்கரை தாங்காது. கரைக்குக் கீழே இரண்டு தெரு வீடுகள். ஓடையோரம் மனை போட அனுமதித்தது யார் என்று கேட்டால் எந்த அலுவலகமும் வாய் திறக்காது. ஆனாலும் அங்கே இருப்பவர்கள் மனிதர்கள்.

பாசன சங்கத் தலைவர் மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார். தென்னந்தோப்புக்காரர்.

"ஏனுங்க, இதை எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"எடுத்துப்போட்டா சித்திரையில நீங்க வந்து தென்னைக்குத் தண்ணி ஊத்துவீங்களா அம்மணி?"

"கரை உடைஞ்சா முழுக் குளமும் போயிருமுங்க."

"கரை அப்படியேதானுங்க நிக்குது. உங்க ஆபீசு கட்டுன சுவருதான் போன மழைக்கு உழுந்துபோச்சு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மைதான்.

பொக்லைனை வரவழைத்தேன். அவர் அசையவில்லை.

"உங்களையும் சேத்து அள்ளச் சொல்லட்டுங்களா?"

எழுந்தார். மூட்டைகள் போயின. தேக்கிய தண்ணீர் ஓடையில் இறங்கி ஓடியது.

புயல் வடக்கே திரும்பிவிட்டது. கோவையில் தூறல்கூட இல்லை.

கோடையில் குளம் சீக்கிரம் வற்றியது. தோப்புகளில் தென்னங்குரும்பை பிஞ்சிலேயே கொட்டியது. தலைவர் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினார். வழியில் பார்த்தபோது, "சௌக்கியமுங்களா அம்மணி? அடுத்த புயல் எப்பன்னு சொல்லுங்க, எளநி வெட்டி வெக்கறேன். மரத்துல இருந்தா" என்றார். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

கீழ்த் தெருக்காரர்களுக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது. தெரிந்தாலும் நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள். வராத வெள்ளத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? மறுபடி எச்சரிக்கை வந்தால் பொக்லைனைத்தான் கூப்பிடுவேன். மழை வருமா என்று அப்போதும் எனக்குத் தெரியாது.