ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு விசில்

காலையில் ஹாம் ரேடியோ நண்பர்கள் கூடிப் பேசும் அதே அலைவரிசையில்தான் அந்த விசில் வந்தது. நானே பற்றவைத்துக் கட்டிய ரிசீவர். யார் பேசினாலும் குரலுக்கு மேல் 'கீ' என்று ஏறி நிற்கும். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

ஆண்டெனாவைக் கழற்றிப் பார்க்க வேண்டும். விசில் நின்றால் அது வெளியிலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான் ஓதுகிற பாடம் இது. கழற்றினேன், நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி அந்த வாரம்தான் சோலார் இன்வெர்ட்டர் மாட்டியிருந்தார். போய்ச் சொன்னேன். மனுஷன் உடனே அணைத்தார். விசில் அசையவில்லை. "அணைச்சாலும் ஒயர் கெடக்குற வரைக்கும் இப்படித்தான் அண்ணாச்சி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அவர் நம்பினார். மறுவாரமே இன்வெர்ட்டரைக் கழற்றி இலத்தூரில் மகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அப்போதும் விசில் வந்தது. எனக்குத் தலை சுற்றியது. எதிர்வீட்டுக் கேமராவா, தெருவிளக்கா, என் காதுதான் கெட்டுப்போனதா? அண்ணாச்சி கேட்டபோதெல்லாம் மழுப்பினேன்.

கடைசியில் ரிசீவரையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு பழைய குற்றாலம் பக்கம் போனேன். கரண்டுக் கம்பியே இல்லாத ஒரு தோப்பு. சாரலில் குடையைப் பெட்டிக்கு மேல் விரித்து வைத்துவிட்டு நான் நனைந்தபடி மரத்தில் ஆண்டெனா ஒயரை வீசினேன். அதே விசில், டிஸ்பிளேயில் அதே அலைவரிசை எண்.

அந்த எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. டிஸ்பிளேயும் அண்ணாச்சி இன்வெர்ட்டர் மாட்டிய அதே வாரம் நான் புதிதாக மாட்டியது. அதன் இணைப்பைப் பிடுங்கினேன். விசில் நின்றது. அதன் இரைச்சல் வெளியே கசிந்து, ஆண்டெனா வழியாகவே திரும்ப உள்ளே வந்திருக்கிறது. நான் ஓதிய பாடம் என்னையே ஏமாற்றியிருந்தது. அவமானமாக இருந்தது.

சாயங்காலம் தென்காசிக்குத் திரும்பியபோது தெருவில் கரண்டு இல்லை. அண்ணாச்சி வாசலில் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சத்தம் நின்னுட்டா வே?"

"நின்னுட்டு அண்ணாச்சி. ஒங்க இன்வெர்ட்டர் இல்ல. எம் பெட்டிக்குள்ளதான் இருந்திருக்கு."

விசிறுவது நின்றது. கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் தேவலை.

"நான் வேணா இலத்தூர் போயி வாங்கிட்டு வந்திருதேன்" என்றேன்.

"மவளுக்குக் குடுத்தத எப்பிடிவே திரும்பக் கேக்கது?" என்றார். மறுபடி விசிறத் தொடங்கினார்.