நீட்டுக் கைச் சட்டை

போன கிழமை எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்து நூலகத்தில், நூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய பைத்திய விடுதிகளைப் பற்றி ஒரு பெண் பேசினாள். விலா எலும்பு முறிந்து செத்தவர்களுக்கும் சோர்வால் இறப்பு என்று எழுதி முடித்தார்களாம். கேட்க வந்தவர்கள் பதினொரு பேர், கதிரைகள் நாற்பது. ஹீற்றரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. கையைக் கட்டும் தோற்பட்டியைத் திரையில் காட்டியபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். மூன்று பஸ்களை விட்டுவிட்டு நின்றேன்.

ஊரில் சின்னம்மாவை இழந்தபோது எனக்கு ஏழு வயது. சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. பெற்ற பிள்ளை செத்தபின் பேச்சை விட்டுவிட்டார். தெற்கே வெள்ளைக்காரன் காலத்துப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அவரை ரயிலில் கொண்டுபோனார்கள். ஐந்தாம் மாதம் பெட்டியில் திரும்பி வந்தார். காய்ச்சல் என்றது தந்தி.

பெட்டியைத் திறக்காமலே எரித்துவிடலாம் என்றார் அப்பா. ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சின்னம்மாவின் பைத்திய வருத்தத்தைப் பற்றி மூச்சுவிட்டிருக்கவில்லை. அம்மா விடவில்லை.

"எண்ணெய் அரப்பு வைச்சு முழுக வாக்காமல் அவளை அனுப்பமாட்டன்."

கிணற்றடியில் நாலு வேட்டிகளைக் கட்டி மறைத்தார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி சொல்லிக்கொண்டு தண்ணீர் வார்த்தார்கள். திடீரென்று ஒப்பாரி நின்றது. தண்ணீர்ச் சத்தமும் நின்றது. வேட்டியை விலக்கிக்கொண்டு வந்த அம்மாவின் கண்ணில் ஈரமில்லை. பெட்டகத்தில் கிடக்கும் நீட்டுக் கைச் சட்டையை எடுத்துவா என்று என்னிடம் சொன்னார். அப்பா நுவரெலியாவில் வேலைபார்த்த காலத்தில் மலைக் குளிருக்கு அம்மா தனக்குத் தைத்த சட்டை அது. இந்தச் சித்திரை வெயிலில் எதற்கு என்று கேட்டேன். செத்தவர்களுக்குக் குளிரும் என்றார்.

பின்னேரம் விதானையார் வந்தார். ஊரில் ஒரு சாவில் சந்தேகம் இருந்தால் பொலிசுக்கு அறிவிப்பது அவர் பொறுப்பு. தலைமாட்டில் நின்று சின்னம்மாவைப் பார்த்தவர் அம்மாவிடம் திரும்பினார்.

"என்ன பிள்ளை, இந்த வெக்கைக்கு நீட்டுக் கை?"

அம்மா சின்னம்மாவின் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார். இவ்வளவு பெரியவர்களுக்கும் மறுமொழி தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

"செத்த ஆக்களுக்குக் குளிரும். அம்மா சொன்னவ."

விதானையார் அம்மாவைப் பார்த்தார். அம்மா, மூலையில் குந்தியிருந்த அக்காவைப் பார்த்தார்.

"ஓம் தம்பி, குளிரும்தான்," என்றார் விதானையார்.

சரியான விடை சொன்ன பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது. அவர் படலையைத் தாண்டிப் போய், குடையையும் விரிக்காமல், எங்கள் வீட்டைப் பார்த்தபடி வெயிலில் நெடுநேரம் நின்றார். எதையோ மறந்து வைத்துவிட்டாராக்கும் என்று நான் விறாந்தையெல்லாம் தேடினேன். அம்மா ஒரு சொல் சொல்லிக் கூப்பிடுவார் என்று அந்த மனிதர் காத்து நின்றது அந்த வயதில் எனக்கு எப்படி விளங்கும்?